ஹிவி வேலையா, பார்சல் கிடங்கா? ஜெர்மனியின் ஆகனில் படிக்கிறேன், வழி சொல்லுங்கள்

கோவில்பட்டிக்காரன்
14 அக்டோபர் 2025, இரவு 9.40

வணக்கம். இத்தனை நாள் சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போன ஆள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஆகனில் மெட்டீரியல்ஸ் மாஸ்டர்ஸ். மூன்றாவது செமஸ்டர் நேற்றுத்தான் தொடங்கியது. வரும்போது விசாவுக்காகப் போட்டுவந்த ப்ளாக்டு அக்கவுண்ட் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) பணம் 11,904 யூரோ. மாதம் 992 வீதம் கைக்கு வந்துகொண்டிருந்தது, செப்டம்பரோடு தீர்ந்துவிட்டது. ஊரில் 14 லட்சம் கல்விக்கடன் இருக்கிறது. அப்பாவிடம் இனிமேலும் கேட்க வாய் வரவில்லை.

கையில் இரண்டு வேலை. ஒன்று எங்கள் துறையிலேயே ஒரு ஆய்வுக்கூடத்தில் ஹிவி, அதாவது மாணவ ஆய்வு உதவியாளர். எஃகுத் துண்டுகளைத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். வாரம் 10 மணி நேரம், மணிக்கு 13.98 யூரோ, ஆறு மாத ஒப்பந்தம். இன்னொன்று ஊருக்கு வெளியே ஒரு பார்சல் கிடங்கு. வாரம் 20 மணி நேரம், மணிக்கு 14.50.

ஹிவி வேலை விசாவின் நாள் கணக்கில் வராது என்று சீனியர் ஒருவர் சொன்னார். அப்படியென்றால் இரண்டையும் சேர்த்தே செய்தால் என்ன? 10 + 20, ஆக 30 மணி நேரம். மாதம் 1,860 யூரோ போல வரும். இதில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா?


சுடுதண்ணீர்
14 அக்டோபர் 2025, இரவு 9.52

30 மணி நேரம் வேலை. சரி. பரீட்சையை யார் எழுதுவார், ரூம்மேட்டா?


மெட்ராஸ்மெயில்
14 அக்டோபர் 2025, இரவு 10.15

தம்பி, நான் நேராகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிடங்குக்குப் போங்கள்.

ஹிவி வேலை பெருமைக்குச் செய்வது. வாட்ஸ்அப்பில் "ரிசர்ச் அசிஸ்டன்ட்" என்று போட்டுக்கொள்ளலாம், பெரியப்பா ஃபார்வர்ட் செய்வார். வங்கிக்காரனுக்கு அது தெரியாது. நீங்கள் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கும்போதும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது, இப்போது அனுப்பும் ஒவ்வொரு யூரோவும் கடனை நன்றாகவே கரைக்கும். நான் இரண்டு வருடம் கிடங்கில்தான் நின்றேன். அதிகாலை 4 மணி ஷிஃப்ட். முடித்துவிட்டு நேரே லெக்சர் ஹாலுக்குப் போய்த் தூங்கியிருக்கிறேன். ஆனால் ஊருக்கு வந்தபோது கடன் பாதியாகியிருந்தது.


பனங்கூடல்
15 அக்டோபர் 2025, காலை 7.05

தம்பி, முதலில் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதேங்கோ. இதை வடிவாக வாசியுங்கோ.

நான் டோர்ட்முண்ட் பக்கம் ஒரு நிறுவனத்தின் ஆட்பிரிவு (எச்ஆர்) கந்தோரில் பதினாலு வருஷமாக வேலை. மாணவர்களின் ஒப்பந்தம் எல்லாம் என் மேசையால்தான் போகும். உங்கள் சீனியர் சொன்னது பிழை இல்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். இங்கே இரண்டு "இருபது" இருக்கிறது. எல்லாரும் அதை ஒன்றென்று நினைத்துத்தான் விழுகிறார்கள்.

ஒன்று விசா. 2024 மார்ச்சிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்த மாணவருக்கு வருஷத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள். அதற்கு முன்னம் 120, 240. நாலு மணித்தியாலம் வரைக்கும் அரை நாள். செமஸ்டர் காலத்தில் வாரம் 20 மணித்தியாலத்துக்கு மேல் போகாவிட்டால் அந்த வாரத்தை இரண்டரை நாளாக எடுக்கலாம் என்றும் அதே திருத்தத்தில் வந்தது. பல்கலைக்கழகத்துக்குள் செய்யும் மாணவ உதவியாளர் வேலை இந்த 140-க்குள் வராது. சீனியர் சொன்னது இதைத்தான்.

மற்றது இன்சூரன்ஸ். இதுக்கு விசாவோடு ஒரு சம்பந்தமும் இல்லை. செமஸ்டர் நடக்கேக்கை எல்லா வேலையும் சேர்த்து வாரம் 20 மணித்தியாலம் வரைக்கும்தான் உங்களை "மாணவர்" என்று இன்சூரன்ஸ் பார்க்கும். இந்தக் கணக்கில் ஹிவி மணித்தியாலமும் சேரும். 30 போனீர்கள் என்றால் நீங்கள் வேலை செய்யும் ஆள், பக்கத்தில் படிக்கிறீர்கள், அவ்வளவுதான். மாதம் 145 யூரோ அளவில் கட்டுகிற மாணவர் இன்சூரன்ஸ் போய்விடும். இரண்டு சம்பளத்திலும் ஹெல்த், பராமரிப்பு, வேலையின்மை என்று வெட்டுவார்கள். இரவிலும் வார இறுதியிலும் செய்கிற வேலைக்கு விதிவிலக்கு இருக்குது, ஆனால் அதுவும் வருஷத்தில் 26 கிழமைக்கு மேல் இல்லை. லீவுக் காலத்தில் பிரச்சினை இல்லை.

ஆகவே 30 என்ற யோசனையை விடுங்கோ. 20-க்குள் எப்படிப் பிரிக்கலாம் என்று பின்னேரம் வந்து விளங்கப்படுத்துகிறேன். ட்ராம் வந்துவிட்டது.


கோவில்பட்டிக்காரன்
15 அக்டோபர் 2025, காலை 8.30

அக்கா, நெஞ்சு ஒரு நொடி நின்றுவிட்டது. கிடங்கு ஒப்பந்தம் மேசை மேலேயே இருக்கிறது. நல்லவேளை, பேனா கிடைக்கவில்லை.


ஈரோடு_எக்ஸ்பிரஸ்
15 அக்டோபர் 2025, பகல் 12.20

எல்லா ஹிவி வேலையும் ஒன்று அல்ல என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். நான் ஒரு வருடம் செய்த "ஆய்வு உதவி" என்ன தெரியுமா? பழைய தேர்வுத் தாள்களை ஸ்கேன் செய்வது, தேர்வு நாளில் மேசைகளில் எண் ஒட்டுவது, காபி மெஷினுக்குப் பால் வாங்குவது. ஒரு முறை பேராசிரியரின் புத்தக அலமாரியைக் கழற்றி அடுத்த அறையில் மாட்டினேன். அதில் ஸ்க்ரூ மூன்று மிஞ்சியது. அதுதான் என் ஒரே ஆராய்ச்சி முடிவு.

சம்பளம் ஒழுங்காக வந்தது, அதில் குறை இல்லை. ஆனால் சிவியில் எழுத ஒரு வரி தேறவில்லை. கையெழுத்துக்கு முன்னால் யாருடைய வேலையைச் செய்யப்போகிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.


கரும்பலகை
15 அக்டோபர் 2025, மாலை 6.45

இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் நான். 2019 முதல் 2021 வரை ஹிவி. இப்போது பிஎச்.டி. கடைசி வருடம், என்னிடம் இரண்டு ஹிவிகள் வேலை செய்கிறார்கள்.

முதலில் என் கதை. ஊரையும் துறையையும் சொல்லப்போவதில்லை. ஒப்பந்தம் வாரம் 8 மணி நேரம். நான் செய்தது 14, 15. டைம்ஷீட்டில் மட்டும் எப்போதும் 8. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அதுதான் விஷயம். "இந்த மூன்று சாம்பிளையும் முடித்துவிட்டால் நன்றாக இருக்குமே" என்பார் மேற்பார்வையாளர், மிக அன்பாக. நான் "நோ ப்ராப்ளம்" என்பேன். நம் ஊரில் ஆசிரியர் ஒன்று சொன்னால் மறுத்துப் பேசி வளர்ந்தவர்களா நாம்? கூட வேலை செய்த ஜெர்மன் பையன் 8 மணி நேரம் ஆனதும் சைக்கிள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு "ட்ச்சுஸ்" என்று கிளம்பிவிடுவான். எனக்கு முதலில் அவன் மேல் எரிச்சல். அவன் செய்ததுதான் முறை என்று புரிய ஒன்றரை வருடம் ஆனது.

இன்னொன்று, அந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு நாள்கூட லீவ் எடுக்கவில்லை. ஹிவிக்குச் சம்பளத்தோடு லீவ் உண்டு என்பதே தெரியாது. சட்டப்படி வருடத்துக்கு நான்கு வாரம். வாரம் இரண்டு நாள் வேலை என்றால் எட்டு நாள். வேலையில் சேர்ந்து நான்கு வாரம் ஆகிவிட்டால், உடம்பு சரியில்லாமல் போனாலும் ஆறு வாரம் வரை சம்பளம் உண்டு. நானோ ஜுரத்தோடு கிடந்துவிட்டு அடுத்த வாரம் போய் அந்த மணி நேரத்தை ஈடு கட்டினேன். இதைப் படிக்கும் எத்தனை பேர் இன்னும் அப்படிச் செய்துகொண்டிருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம், தெரியும்.

இவ்வளவும் சொன்ன நானே ஹிவியை எடுங்கள் என்றுதான் சொல்வேன். மெட்ராஸ்மெயில் அண்ணன் சொல்கிற மாதிரி பெருமைக்கு இல்லை. எனக்கு அதில் கிடைத்தது ஒரு சாவி. உண்மையான சாவி, லேப் கதவுடையது. மாஸ்டர்ஸ் தீசிஸ் தலைப்பு நோட்டீஸ் போர்டில் வருவதற்கு முன்னால் அந்தக் காரிடாரில் பேச்சாக உலவும். "கோடையில் ஒரு தலைப்பு தொடங்கப்போகிறோம், உனக்கு இந்த மெஷின் தெரியுமே" என்று காபி குடிக்கும் இடத்தில் கேட்பார்கள். எனக்குத் தீசிஸ் அப்படித்தான் வந்தது, தீசிஸிலிருந்துதான் பிஎச்.டி. வந்தது. வெளியில் இருந்து 60 மெயில் போட்டவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். அவர்கள் என்னைவிட மார்க் அதிகம் வாங்கியவர்கள்.

இப்போது ஹிவி எடுக்கும் ஆளாக ஒன்று. நான் பேராசிரியரிடம் போகும் மெயிலைப் பார்ப்பதே இல்லை, அவரும் பார்ப்பதில்லை. எங்கள் மாதிரி பிஎச்.டி. ஆட்கள்தான் வேலையைத் தருகிறோம். பயிற்சி வகுப்பு முடிந்து போர்டை அழிக்கும்போது வந்து "நீங்கள் செய்யும் ஆராய்ச்சியில் கை தேவைப்படுமா" என்று கேட்டவரைத்தான் நான் எடுத்தேன். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் உலகப் புகழ்பெற்ற ஆய்வுக்கூடத்தில்" என்று தொடங்கும் மெயிலுக்கு இங்கே மரியாதை இல்லை. ஆயிரம் பேருக்குப் போன மெயில் என்றுதான் நினைப்போம்.


மெட்ராஸ்மெயில்
15 அக்டோபர் 2025, இரவு 7.10

சாவி நல்லதுதான் தம்பி. கடனுக்கு அந்தச் சாவியை அடகு வைக்க முடியுமா?


ஸ்ப்ரீ_நதி
15 அக்டோபர் 2025, இரவு 7.38

பெர்லினிலிருந்து ஒரு பொறாமைக் குறிப்பு. இங்கே மாணவ உதவியாளர்களுக்கென்றே தனிச் சம்பள ஒப்பந்தம் 1980 முதல் இருக்கிறது. ஜெர்மனியில் அப்படி இருப்பது இந்த ஒரு மாநிலத்தில்தான். சும்மா வரவில்லை, வேலைநிறுத்தம் செய்துதான் காப்பாற்றினார்கள். 2018-லும் ஸ்ட்ரைக் நடந்து, அதற்குப் பிறகுதான் சம்பளம் உயர்ந்தது. ஒப்பந்தம் வழக்கமாக நான்கு செமஸ்டருக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை "நீட்டிப்பார்களா" என்று வயிற்றில் புளி கரைக்க வேண்டியதில்லை.

மற்ற மாநிலங்களில் (ஹெஸ்ஸன் தனி) 2023 டிசம்பரில் நடந்த மாநில அரசு ஊழியர் சம்பளப் பேச்சுவார்த்தையில்தான் முதல் முறையாகக் குறைந்தபட்ச மணிச் சம்பளம் வந்தது. 2024 கோடை செமஸ்டருக்கு 13.25, 2025 கோடை முதல் 13.98. உங்களுக்குச் சொன்ன 13.98 அங்கேயிருந்துதான் வருகிறது. அதே ஒப்பந்தத்தில், ஹிவிக்குப் பொதுவாக ஒரு வருட ஒப்பந்தம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஆறு மாதம் ஏன் என்று கேளுங்கள். ப்ராஜெக்ட் நிதி மார்ச்சில் முடிகிறது என்று காரணம் இருக்கலாம். பழைய டெம்ப்ளேட்டை மாற்றாமல் விட்டதாகவும் இருக்கலாம்.


பனங்கூடல்
15 அக்டோபர் 2025, இரவு 8.20

வந்துவிட்டேன். தேத்தண்ணியோடு இருந்து எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

தம்பிக்கு 10 மணித்தியாலம் ஹிவி. மாதத்தை 4.348 கிழமை என்று எடுத்துத்தான் நாங்கள் கணக்குப் பார்ப்போம். 13.98 போட்டால் 607 யூரோ 85 சதம். இந்த வருஷம் மினிஜாப், அதாவது சிறு சம்பள வேலைக்கான மாத எல்லை 556 யூரோ. அதைத் தாண்டுது. ஆகவே இது மினிஜாப் இல்லை, மாணவ வேலை. ஹெல்த் இன்சூரன்ஸ் வெட்டு இல்லை, பென்ஷன் மட்டும்தான். 556-க்குக் கொஞ்சம் மேலே இருக்கிறவர்களுக்கு அந்தப் பென்ஷனையும் குறைத்துத்தான் பிடிப்பார்கள். 607-க்கு 7 யூரோ போலத்தான் போகும். வருமான வரி வராது, இந்த வருஷம் 12,096 யூரோ வரைக்கும் வரியே இல்லை.

சில செயலாளர்கள் "9 மணித்தியாலம் போடுவோம், மினிஜாப்பாக இருந்தால் சுலபம்" என்பார்கள். 9 என்றால் 547 யூரோ, எல்லைக்குள் வரும். ஆனால் அதில் 3.6 வீதம் பென்ஷன், அதாவது 19 யூரோ 70 சதம் போகும், வேண்டாம் என்று நீங்களாக எழுதிக் கொடுக்காவிட்டால். சம்பளமும் குறைவு, வெட்டும் கூட! சுலபம் ஆருக்கு என்று பாருங்கோ.

இப்போது கிடங்கு. அவர்களிடம் ஒன்று கேளுங்கோ: சனிக்கிழமை மட்டும் ஒரு ஷிஃப்ட், 8 மணித்தியாலம், மினிஜாப்பாகத் தருவீர்களா? 14.50-க்குக் கணக்குப் போட்டால் மாதம் 504 யூரோ. 556-க்குள் வரும். பிரதான வேலை ஹிவி, அதுக்கு வரி வகுப்பு ஒன்று. பக்கத்தில் ஒரேயொரு மினிஜாப் வைத்திருக்கலாம், அது தனியாகவே நிற்கும், இரண்டாவது வேலைக்குக் கூடுதலாக வரி பிடிக்கிற வரி வகுப்பு ஆறு என்ற தலையிடி வராது. பென்ஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் 504-ம் முழுசாகக் கையில் வரும். மொத்தம் 18 மணித்தியாலம், இன்சூரன்ஸ் இருபதுக்குள். விசாக் கணக்கில் கிழமைக்கு ஒரு நாள், வருஷத்துக்கு 52. 140-க்கு எவ்வளவோ தூரம்.

கையில் வருவது: 600-ம் 504-ம், 1,100 யூரோ சொச்சம்.

ஒன்று மறக்க வேண்டாம். ஹிவி வேலை நாள் கணக்கில் வராவிட்டாலும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். ஒரு மின்னஞ்சல் போட்டுப் பதிலைப் பத்திரமாக வையுங்கோ.


மெட்ராஸ்மெயில்
15 அக்டோபர் 2025, இரவு 9.02

அக்கா சொன்ன கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். கிடங்கில் 20 மணி நேரம் முழுசாக நின்றால் 1,261. பென்ஷன் 91 போனால் 1,170. இவர் கணக்குப்படி 1,105. வித்தியாசம் 65 யூரோ. அதுவும் இரண்டு மணி நேரம் குறைவாக நின்று.

என் காலத்தில் யாரும் இப்படி உட்கார வைத்துச் சொல்லவில்லை. சரி, நான் வாபஸ். ஆனால் சனிக்கிழமை ஷிஃப்டுக்கு ஸ்டீல்-டோ ஷூ நல்லதாகப் போட்டுக்கொள்ளுங்கள். தரும் ஷூ எப்போதும் ஒரு சைஸ் பெரியதாக இருக்கும். எனக்கு இன்னும் கால் நகம் ஒன்று சரியாக வளரவில்லை.


சுடுதண்ணீர்
15 அக்டோபர் 2025, இரவு 9.05

மெட்ராஸ்மெயில் வாபஸ் வாங்கிய நாள் என்று காலண்டரில் குறித்துக்கொண்டேன்.


இசார்கரை
16 அக்டோபர் 2025, காலை 10.30

ம்யூனிக்கில் சேரப்போகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை. பவேரியாவில் அரசுப் பல்கலைக்கழகம் என்பதால், ஹிவிக்கும் அரசியல் சாசன விசுவாசக் கேள்வித்தாள் உண்டு. தீவிரவாத அமைப்புகளின் நீளமான பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து, இவற்றில் எதிலாவது உறுப்பினரா என்று கேட்பார்கள். பாதி பெயரை நான் வாழ்நாளில் கேட்டதே இல்லை. சைன்டாலஜி என்ற அமைப்புக்குத் தனித் தாள். வாரம் 6 மணி நேரம் எக்செல் ஷீட் நிரப்ப வந்தவன் நான். கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னேன், "பார்த்துடா, எதுலயும் சேர்ந்துடாதே" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பாஸ்போர்ட்டுக்குத் தாள் வேலை ஆறேழு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைச் சான்று, விசா அட்டை நகல், இன்சூரன்ஸ் சான்று, பென்ஷன் எண், வரி எண். இதில் ஒன்று இல்லையென்றால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்குத் தள்ளிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்னால் "சும்மா வந்து பழகிக்கொள்" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். லேபில் ஏதாவது ஆகிவிட்டால் அன்றைக்கு நீங்கள் அங்கே இல்லாத ஆள்.


கரும்பலகை
16 அக்டோபர் 2025, பகல் 1.15

கடைசி வரியை நான் கையெழுத்துப் போட்டு வழிமொழிகிறேன்.

கோவில்பட்டிக்காரரே, பேசப் போகும்போது இன்னொன்றும் கேளுங்கள். நீங்கள் எடுக்கும் படங்கள் யாருடைய கட்டுரைக்குப் போகும்? உங்கள் பெயர் எங்கே வரும்? சொன்னதைச் சொன்னபடி செய்து கொடுத்தால் நன்றி வரியில் வரும், அது நியாயம். முறையை நீங்களே கண்டுபிடித்து, முடிவையும் நீங்களே விளக்கினால் அது வேறு கதை. இதைப் பிறகு கேட்டால் சண்டை. முன்னால் கேட்டால் வெறும் கேள்விதான்.

அப்புறம், வேலையை விட்டுப் போகும்போது சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. "எழுதித் தா, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றால் வெட்கப்படாமல் எழுதிக் கொடுங்கள்.


கோவில்பட்டிக்காரன்
21 அக்டோபர் 2025, இரவு 8.50

தீபாவளிக்கு மறுநாள். ஹாஸ்டல் கிச்சனில் அதிரசம் மாதிரி ஒன்று செய்தோம். அதைப் பற்றி மேலும் பேச விரும்பவில்லை.

போய்ப் பேசினேன். பிஎச்.டி. செய்யும் பெண் ஒருவர்தான் மேற்பார்வை. ஆறு மாதம் ஏன் என்று கேட்டதற்குச் செயலாளரையே கூப்பிட்டுக் கேட்டார். ஸ்ப்ரீ_நதி சொன்ன இரண்டாவது காரணம்தான், பழைய டெம்ப்ளேட்! ஒரு வருடம் என்று மாற்றினார்கள். செயலாளர் "ஒன்பது மணி நேரம் போட்டால் சுலபம்" என்றும் சொன்னார். பனங்கூடல் அக்கா, உங்கள் முகம் தெரியாவிட்டாலும் அந்த நொடி உங்களை நினைத்துக்கொண்டேன். பத்தே இருக்கட்டும் என்றேன். டிசம்பர் 1 முதல் வேலை. செவ்வாய், வியாழன், ஐந்தைந்து மணி நேரம்.

கிடங்கில் சனிக்கிழமை ஷிஃப்டுக்கு உடனே ஒத்துக்கொண்டார்கள். யாரும் சனிக்கிழமை வர மாட்டார்களாம். இந்த வாரமே தொடங்குகிறேன். நவம்பருக்கு மட்டும் நண்பன் 400 யூரோ தருகிறான்.


சுடுதண்ணீர்
21 அக்டோபர் 2025, இரவு 8.58

அதிரசத்தை எஃகுத் துண்டோடு மெஷினில் வைத்துத் தேய்த்துப் பார்க்கவும். எது முதலில் தேய்கிறது என்று கட்டுரை எழுதலாம். ஊருக்குப் போனால் கோவில்பட்டி கடலைமிட்டாய் ஒரு கிலோ. அதற்குத்தான் புவிசார் குறியீடே இருக்கிறது.


கோவில்பட்டிக்காரன்
5 டிசம்பர் 2025, இரவு 10.20

முதல் வாரம் முடிந்தது. யாராவது மெட்டலோகிராஃபி லேபில் (உலோகத்தின் உள்ளமைப்பை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் கூடம்) சேரப்போகிறீர்கள் என்றால் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நகம் அளவு எஃகுத் துண்டை எபாக்சி பிசினில் பதித்து வைத்திருப்பார்கள், பார்க்க கண்ணாடி மாத்திரை போல இருக்கும். முதலில் 320 எண் உப்புத்தாள், தண்ணீர் ஓட ஓட. அப்புறம் 600, 1200. ஒவ்வொரு தாள் மாறும்போதும் துண்டைக் கால் வட்டம் திருப்பிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் பழைய கீறல் முழுசாகப் போய்விட்டதா என்பது தெரியும், புதுக் கீறல் அதற்குக் குறுக்கே ஓடும். பிறகு துணி வைத்த தட்டில் 3 மைக்ரான் வைரக் கரைசல், கடைசியில் 1 மைக்ரான். நடுவில் கை, துண்டு, பிடிப்பான் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். ஒரே ஒரு 3 மைக்ரான் துகள் அடுத்த தட்டுக்குப் போனால் அரை நாள் வேலை காலி.

செவ்வாய்க்கிழமை நான் செய்த நான்கு துண்டும் கண்ணுக்கு முகம் பார்க்கும் கண்ணாடிதான். எனக்கு ஒரே பெருமை. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் எல்லாவற்றிலும் வால்நட்சத்திரம் மாதிரி கோடுகள், ஒவ்வொரு கரும்புள்ளிக்கும் பின்னால் ஒரு வால். நான் மேலும் பளபளப்பாகட்டும் என்று துணியில் நீண்ட நேரம் ஒரே திசையில் அழுத்திப் பிடித்திருந்தேனாம். மேற்பார்வையாளர் திட்டவில்லை. தன் முதல் வருடப் படங்களைத் திறந்து காட்டினார், அதிலும் வால்.

நேற்று மறுபடியும். இந்த முறை நேரத்தைக் குறைத்து, துண்டைத் தட்டின் சுழற்சிக்கு எதிர்த் திசையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பிடித்தேன். கழுவி, எத்தனால் அடித்து, புகையை இழுத்துவிடும் ஃபியூம் ஹூடுக்குள் நைட்டாலில் (எத்தனாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) சில வினாடி. பளபளப்பு மங்கியதும் எடுத்துவிட வேண்டும். லென்ஸைத் திருப்பியதும் எஃகின் உள்ளமைப்பு தெரிந்தது: ஃபெரைட் மணிகளின் எல்லைகள் மெல்லிய கோடாக, நடுநடுவே பெர்லைட் கறுப்புத் திட்டாக. மூன்று வருடம் பாடப் புத்தகத்தில் பார்த்த அதே படம். இது நான் தேய்த்தது.

ஒரு சந்தேகம். செவ்வாய் கெட்டுப்போன நான்கு துண்டுக்கான ஐந்து மணி நேரத்தை டைம்ஷீட்டில் எழுதலாமா? எனக்கு மனசு கேட்கவில்லை. வேலை எதுவும் முடியவில்லையே.


கரும்பலகை
5 டிசம்பர் 2025, இரவு 10.41

எழுதுங்கள். முழுசாக எழுதுங்கள். கற்றுக்கொள்ளும் நேரமும் வேலை நேரம்தான். என் ஹிவி ஒருவர் இப்படி எழுதாமல் விட்டதைக் கண்டுபிடித்து நான்தான் திருத்தச் சொன்னேன்.


பனங்கூடல்
6 டிசம்பர் 2025, காலை 9.10

தம்பி, படத்தை எங்களுக்கும் காட்டுங்கோ, லேப் அனுமதித்தால்.

டைம்ஷீட் கதை வந்தபடியால் இன்னொன்று. உங்கள் நாள் செவ்வாயும் வியாழனும்தானே? டிசம்பர் 25 வியாழன். ஜனவரி 1-ம் வியாழன். இரண்டும் பொது விடுமுறை. உங்கள் வழமையான வேலை நாளில் விடுமுறை வந்தால் அந்த ஐந்து மணித்தியாலமும் சம்பளத்தோடு கணக்கில் வரும், பிறகு வந்து ஈடு கட்டத் தேவையில்லை. "விடுமுறை, 5" என்று எழுதுங்கோ. இரண்டும் சேர்த்து 139 யூரோ 80 சதம். மாணவர்களில் அரைவாசிப் பேர் இதை விட்டுவிடுவார்கள், கந்தோரில் ஒருவரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள்.

ஆரும் மறுத்தால் சண்டை பிடிக்க வேண்டாம். நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் மாணவ உதவியாளரின் விஷயங்களைப் பார்க்கவென்றே பல்கலைக்கழகத்தில் ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும் என்று உயர்கல்விச் சட்டத்திலேயே இருக்குது. அவருக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.


ஈரோடு_எக்ஸ்பிரஸ்
6 டிசம்பர் 2025, காலை 9.32

நான் அந்த ஒரு வருடத்தில் விட்ட வியாழக்கிழமைகளை இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனியில் விடுமுறைகள் வியாழனைத் தேடி வருகின்றன. அசென்ஷன், கார்ப்பஸ் கிறிஸ்டி... போதும், நிறுத்திவிட்டேன்.


கோவில்பட்டிக்காரன்
6 டிசம்பர் 2025, மாலை 5.50

கிடங்கிலிருந்து இப்போதுதான் வந்தேன். ஷூ ஒரு சைஸ் பெரியதுதான், மெட்ராஸ்மெயில் அண்ணா. இரண்டு சாக்ஸ் போட்டுச் சமாளிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமையின் ஐந்து மணி நேரத்தை எழுதிவிட்டேன். 25-ஆம் தேதிக்கு நேரே பென்சிலால் "விடுமுறை, 5" என்று எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை செயலாளரிடம் காட்டிவிட்டு மேலே பேனாவால் எழுதுவேன்.